வளையம் போடாத துணி

பிரகதீஸ்வரி துணியைக் கையில் பிடித்துத்தான் கிராஸ் ஸ்டிச் தையல் போடுவாள். துணியை இறுக்கிப் பிடிக்கும் மர வளையம் மாட்டிப் பார்த்தாள், சதுர மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியும் பார்த்தாள். பறைத்தோல் மாதிரி விறைத்து நின்ற துணியில் மேலிருந்து ஒரு குத்து, கீழிருந்து ஒரு குத்து என்று ஊசியை இழுப்பது அவளுக்குச் சரிப்படவில்லை. கையில் என்றால், ஓரத்தைச் சுருட்டி இடது உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு, ஒரே போக்கில் ஊசியை விட்டு எடுத்துவிடலாம். வியர்வை துடைக்க மடியில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும்.

ஷர்லி அவளுடைய பள்ளித்தோழி. கீரனூரில் பக்கத்துத் தெரு. வளையம் இல்லாமல் ஷர்லிக்குக் கை ஓடாது.

"துணியத் தைக்கிறியா, கொஞ்சுறியாடி?" என்பாள்.

"ஆமாடி, நீதான் அதத் தூக்குல போடுற."

பிரகதீஸ்வரி இப்படிப் பதிலுக்குப் பதில் பேசுவது ஷர்லி ஒருத்தியிடம்தான். நாலு பேர் கூடிவிட்டால் வாய் வராது.

இலுப்பூர் அழகி டீச்சர் புது வீட்டுக்கு மயில் படம் தைத்துக் கேட்டிருந்தார். அவர் பள்ளியில் தையல் டீச்சர் வேலை காலியாக இருந்தது. மயில் சுத்தமாக வந்தால் அந்த வேலைக்குப் பிரகதீஸ்வரியைச் சிபாரிசு செய்வதாகச் சொல்லியிருந்தார். அந்த ஆசையில் மயில் கழுத்துக்கு மட்டும் நாலு வகை நீலம் சேர்த்தாள். முடித்ததும் ஷர்லி, "போட்டோ எடுத்துட்டுத் தாரேன்டி" என்று வாங்கிப் போனவள், பால் காய்ச்சுகிற அன்று பஸ் ஏறும்போதுதான் பொட்டலமாகக் கொண்டுவந்தாள்.

டீச்சர் வீட்டுக் கூடத்தில் பிரித்தார்கள். மயிலைச் சுற்றி, சுடுசட்டி வைத்து எடுத்தாற்போல் பழுப்பாக ஒரு வட்டம். போட்டோவில் எடுப்பாகத் தெரிய மாட்டிய வளையத்தை ஷர்லி அன்று காலை வரை கழற்றவே இல்லை. அதன் பழைய கையழுக்கு வெள்ளைத் துணியில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"என்னங்க இது?" டீச்சர் பிரகதீஸ்வரியைப் பார்த்தார்.

ஷர்லி முந்திக்கொண்டாள். "நான் அப்பவே சொன்னேன் டீச்சர், தைக்காதப்ப வளையத்தக் கழட்டி வையுடின்னு. இவ கேட்டாத்தானே."

'இல்லீங்க' என்று சொல்லப் பார்த்தாள் பிரகதீஸ்வரி. கூடம் நிறைய ஆட்கள். ஷர்லியே மாற்றிச் சொல்லிவிடுவாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஷர்லி பந்திக்குப் போய் பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள். டீச்சர் துணியை மடித்துப் பிரகதீஸ்வரி கையிலேயே கொடுத்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஷர்லி தோளை இடித்தாள். "கோவமாடி? ஒனக்கு ஒன் வீட்டுக்காரர் சம்பளம் இருக்கு. எனக்கு அந்த வேலை வேணும்டி. நீயும் அங்க எதுத்துப் பேச மாட்டேன்னு தெரியும்ல."

பிரகதீஸ்வரி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூட்டத்தில் தனக்கு வாய் வராது என்பதை அவள் வாழ்க்கையில் ஒருத்தியிடம்தான் சொல்லி அழுதிருக்கிறாள்.

சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டும் வட்டம் போகவில்லை. வேலை ஷர்லிக்குப் போனது. பள்ளி திறந்த மறுவாரம் அவளிடமிருந்து போன்.

"ஏய் பிரகதி, சின்னப் புள்ளைக கையில வளையம் நிக்க மாட்டேங்குது. கையில புடிச்சே போடுறது எப்புடின்னு ஒருநா வந்து காட்டேன்டி."

பிரகதீஸ்வரி மடியிலிருந்த புதுத் துணியின் ஓரத்தைச் சுருட்டி உள்ளங்கையில் அடக்கிக்கொண்டாள்.

"வளையத்த வச்சே சொல்லிக் குடு ஷர்லி. பாடம் முடிஞ்சதும் மறக்காமக் கழட்டச் சொல்லு."