ஆண் பறவை இட்ட முட்டை

அன்று காலை கூண்டுமேல் போட்டிருந்த துணியை விலக்கியபோது எங்கள் காக்கட்டீல் கிளி கம்பியில் இல்லை. தரையில், இறகெல்லாம் உப்பிப்போய், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எப்போதும் நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் கொண்டை தலையோடு ஒட்டிக் கிடந்தது. மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது.

என் கணவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் முன் கும்பகோணத்தில் வாங்கிக்கொடுத்தது அது. ஆண் பறவை, நன்றாக விசிலடிக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இரண்டு வருடமாகியும் அவன் விசிலடிக்கவில்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

வீட்டில் நானும் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் நாத்தனாரும்தான். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பறவையை வைத்து அவள் மடியில் கொடுத்தேன். ஸ்கூட்டியை எடுத்தேன். பாபநாசம் ரோட்டில் உழவு டிராக்டர்கள் இறைத்துவிட்டுப் போன சேறு. அவள் பின்னாலிருந்து, "மெதுவா அண்ணி, மூச்சு இருக்கு, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

கால்நடை டாக்டர் பக்கத்து ஊரில் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்கள் எங்களுக்கு வழிவிட்டார்கள். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துத் தயங்கினார்.

"மாடு பிடிச்ச கைம்மா இது. இருங்க, ஒருத்தர்கிட்ட கேட்டுடறேன்."

பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் நண்பர் ஒருவருக்குப் போன் போட்டார். அவர் சொல்லச் சொல்ல, ஒரே விரலால் பறவையின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது.

"உள்ள முட்டை இருக்கும்மா. வெளிய வர முடியாம சிக்கிக்கிட்டிருக்கு."

"சார், அது ஆண்."

"ஆண் முட்டை போடாதும்மா."

"ஜோடியே இல்லையே சார்?"

"பொட்டைக்கோழி சேவல் இல்லாமலே போடுதுல்ல, அது மாதிரிதான். குஞ்சு வராது, முட்டை வரும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெதுவெதுப்பா வச்சிருங்க. ஆவி படட்டும். எக்காரணம் கொண்டும் அமுக்கிடாதீங்க. உள்ள உடைஞ்சா உயிர் தங்காது."

அலகில் இரண்டு சொட்டுக் கால்சியம் மருந்து விட்டு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் பாத்ரூமில் இரண்டு வாளி கொதிநீரை வைத்துக் கதவைச் சாத்தினோம். ஆவியில் சுவரெல்லாம் வேர்த்தது. பெட்டியில் துண்டை விரித்துப் பறவையைப் படுக்கவைத்து, நாங்கள் இருவரும் எதிரெதிரே குந்தியிருந்தோம். தண்ணீர் ஆற ஆற மாற்றிக்கொண்டே இருந்தேன். புடவை நனைந்து உடம்போடு ஒட்டியது. தன் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் கணவர் வீடியோ காலில் வந்தார்.

"நம்ம பய எப்படி இருக்கான்?"

"பய இல்லைங்க, பொண்ணு. பிரசவம் பார்த்துக்கிட்டிருக்கோம்."

நான் போனைப் பெட்டிக்கு நேராகத் திருப்பினேன். அவரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் தலைகள் ஒவ்வொன்றாகத் திரைக்குள் வந்தன.

அப்போது பெட்டிக்குள் அவள் இரண்டு காலையும் அகட்டி எழுந்தாள். உடம்பு முழுக்க ஒருமுறை இறுகியது. மறுபடியும். வாலுக்குக் கீழே வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"அண்ணி, வருது" என்று நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்துவிட என் கை போகப் பார்த்தது. டாக்டர் சொன்னதை நினைத்து மடக்கிக்கொண்டேன். மூன்றாவது முக்கலில் முட்டை துண்டின் மேல் வந்து விழுந்தது. சின்ன நெல்லிக்காய் அளவு, முழுசாக, உடையாமல். போனில் பத்துப் பேர் கைதட்டினார்கள். நாங்கள் இருவரும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து கட்டிக்கொண்டு சிரித்தோம். சிரிக்கும்போதே எனக்கு அழுகையும் வந்தது.

சாயங்காலம் கூண்டுக்குள் அவள் தண்ணீர் குடித்தாள். மறுநாள் தினை தின்றாள். முட்டையை எடுத்தால் மறுபடி போடப் பார்க்கும், எடுக்க வேண்டாம் என்றார் டாக்டர். எங்களைக் கொத்தி விரட்டியபடி இருபது நாள் அடைகாத்தாள். பிறகு ஒரு காலையில் தானாகவே அதை விட்டிறங்கி, என் தோளில் ஏறிக்கொண்டாள்.