கோழிக்கூட்டு நேரம்

எங்கள் கல்முனைப் பக்கத்தில் கல்யாண மேடையில் பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளையின் கையில் மணிக்கூடு கட்டுவான். யுத்தம் முடிந்த வருடம் என் தங்கைக்குக் கல்யாணம். வாப்பாவையும் பழைய வீட்டையும் சுனாமி கொண்டுபோயிருந்தது. பிறகு கிடைத்த சின்ன வீட்டைத்தான் சீதனமாகக் கொடுத்தோம். மாப்பிள்ளை அங்கேதான் குடிவர வேண்டும். அவருடைய தாய்மாமா வந்து பார்த்துவிட்டு, "கோழிக்கூடு" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்.

அவர் வாயை அடைக்கவே கல்முனைக் கடையில் மெல்லிய தங்கநிற மணிக்கூட்டை எடுத்தேன். தங்கையோ தடித்த ஒன்றைக் கேட்டாள். பயணக்காரர் கட்டுவது. ஒரே முகத்தில் இரண்டு நாட்டு நேரம் காட்டும். கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் மாப்பிள்ளை கத்தாருக்கு வேலைக்குப் போகிறார்.

"இதக் கட்டினா சபையில சிரிப்பாங்க," என்று கடைக்குள்ளேயே கத்தினேன்.

"காக்கா, கல்யாணம் எனக்கா, அந்த மாமாவுக்கா?" என்று அண்ணனையே மடக்கினாள் தங்கை.

கோபத்தோடுதான் அவள் கேட்டதை வாங்கினேன்.

மேடையில் அதைக் கட்டியதும் மாமா எட்டிப் பார்த்தார். "என்ன மருமகன், சுவர் மணிக்கூட்டக் கழட்டித் தந்திட்டாங்களா?"

மாப்பிள்ளை நிதானமாகச் சட்டைக் கையை மேலே இழுத்தார்.

"இஞ்ச பாருங்க மாமா. பெரிய வட்டத்தில கத்தார் நேரம். சின்ன வட்டத்தில நீங்க சொன்ன கோழிக்கூட்டு நேரம். இனி அதான் என்ட வீடு."

சபை முழுவதும் மாமாவைப் பார்த்துச் சிரித்தது. அந்த மனிதருக்குப் பயந்து தங்கையிடம் கத்தியது இன்றும் எனக்கு வெட்கம்தான். ஆனால் அன்று எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்.