தீக்குச்சி துரை வீட்டு எச்சில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. எங்கேயோ யாருக்கோ நடந்ததல்ல, என் கூடப் பிறந்த தங்கைக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய் என்றால் வெள்ளைப் புடவை கட்டி, கொலுசு போட்டு, நடுச்சாமத்தில்தான் வரும் என்று அடம்பிடிப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்காதீர்கள். எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது.

தங்கை பெயர் ஜெயராணி. வீடு அந்தமானில், பெரார்கஞ்சில். அவள் கணவன் கோகுலுக்கு ஹட் பே துறைமுகத்துக்குப் போய்வரும் கப்பலில் வேலை, பாதி நாள் கடலில்தான் இருப்பான். கல்யாணமாகி ஏழு வருடத்தில் இரண்டு முறை உண்டாகி, இரண்டும் கலைந்துவிட்டன. நான் சொல்லும் ஆகஸ்ட் மாதத்தில் மூன்றாவது. நாலாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாம் அவள் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்தே பேசினார்கள். "இந்தத் தடவையாச்சும் நல்லபடியா தங்கணும்" என்று ஒரே பாட்டு. வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் அந்த வேலைக்கு ஒப்புக்கொண்டாள்.

வேலை சௌல்தாரியில், ஒரு பழைய மர பங்களாவில். தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஆக்செல் ஹெட்மார்க் என்ற ஸ்வீடன்காரர் கட்டியது. தீக்குச்சிக்கு மரம் பார்க்க வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். ஊருக்கு அவர் தீக்குச்சி துரை. ரோடு போட்டவர், கிணறு வெட்டியவர், பள்ளிக்கூடம் கட்டியவர். அவர் போட்டோவுக்கு இன்றைக்கும் வருடம் ஒரு மாலை விழுகிறது, நானும் போட்டிருக்கிறேன். ஸ்டாக்ஹோமில் இருக்கும் கொள்ளுப்பேத்தி எலின் அவரைப் பற்றிப் புத்தகம் எழுதப் போகிறாளாம். பங்களாவில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய குடும்பக் காகிதங்கள் கிடந்தன. கடிதங்கள், டைரிகள், கணக்குகள், எல்லாம் ஸ்வீடிஷ் மொழியில். எண்ணூறு தாள். பெட்டியை அனுப்புவதற்கு முன், வழியில் தொலைந்தாலும் நகல் இருக்க வேண்டுமென்று, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து தரச் சொன்னாள். ஜெயராணி முன்பு போர்ட் பிளேரில் ஓர் ஆபீசில் டேட்டா என்ட்ரி பார்த்தவள். அவளுக்கு இது சப்பை வேலை.

ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு அவளுக்கு. எச்சில் தொட்டுத்தான் பக்கம் புரட்டுவாள். ஆள்காட்டி விரல் தானாக நாக்குக்குப் போகும், தாளுக்கு வரும். "உன் எச்சில் படாத ஃபைல் போர்ட் பிளேர்லயே கிடையாதுடி" என்று கோகுல் கிண்டல் செய்வான். நம்மில் பாதிப் பேருக்கு இருக்கிற பழக்கம்தானே.

திங்கட்கிழமை. காலை 9.40.

பங்களா இப்போது சிராஜ் பாயுடையது. முன் கூடத்தில் கொப்பரை மூட்டை அடுக்கி வியாபாரம் செய்கிறார். பின்னறையில் ஒரு மேசையும் ஃபேனும் போட்டுக் கொடுத்தார்.

"இந்த ரூமுக்கு நான் வர்றதே இல்ல, ராணிம்மா. என்னமோ ஒரு வாடை. ஃபினாயில் ஊத்திப் பாத்துட்டேன், ஜாத்தாஹி நஹி, போகவே மாட்டேங்குது."

ஜெயராணி பெட்டியைத் திறந்தாள். முதலில் கண்ணில் பட்டது காகிதம் அல்ல. செத்த கரப்பான்கள். தாள்களின் மேல் ஒரு பிடி இருக்கும், காய்ந்து மொறமொறவென்று. நடுவில் ஒரு பல்லி, அப்பளமாக. உவ்வே என்று அட்டையால் வாரிக் கொட்டினாள். ஆனால் தாள்களில் ஒரு பூச்சி அரிப்பு கிடையாது. அந்தமான் ஈரத்தில் போன வருடக் கல்யாணப் பத்திரிகையே பூசணம் பிடித்துவிடும். இவை நேற்று வாங்கியவை போல இருந்தன.

ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும், சரியாகப் புரட்டுகிற இடத்தில், தபால்தலை அளவில் ஒரு சீட்டு. அதில் மையால் நம்பர். 1, 2, 3... துரை ஒழுங்கான மனுஷர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு மெஷினைச் சரிசெய்யவே மதியமாகிவிட்டது. நாற்பது தாள்தான் முடிந்தது. விரல் நாக்குக்கு, விரல் தாளுக்கு. நாற்பதாவது தாளில் வாய் ஒரு மாதிரி ஆனது. துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல் ஒரு சுவை. ஓடிப்போய்க் கொல்லையில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

"அரே, இந்த மாசத்துல அப்படித்தான் இருக்கும். டென்ஷன் எடுத்துக்காத" என்று சிராஜ் பாய் சோடா கொடுத்தார்.

சாயங்காலம் கோகுல் கப்பலிலிருந்து பேசினான். "மசக்கைடி அது. நெல்லிக்கா வாங்கி வாயில போட்டுக்க."

பிள்ளைத்தாய்ச்சிக்கு என்ன வந்தாலும் மசக்கை. தலையில் இடி விழுந்தாலும் மசக்கை என்றுதான் சொல்வார்கள்.

செவ்வாய்க்கிழமை. காலை 10.15.

நாற்பத்தொன்றாம் தாள். விரலை நாக்குக்குக் கொண்டு போகும் முன்பே கண்டாள். தாளின் மூலை ஈரமாக இருந்தது.

கூரை ஒழுகுகிறதோ? அண்ணாந்து பார்த்தாள். காய்ந்த பலகை. அடுத்த தாளை எடுத்தாள். அதன் மூலையும் ஈரம். அதற்கடுத்ததும். நடுப்பக்கம் காய்ந்து கிடக்க, நம்பர் சீட்டு மட்டும் நனைந்து பளபளத்தது.

கைக்குட்டையால் ஒற்றி எடுத்தாள். தண்ணீராக இருந்தால் ஊறும். இது ஊறவில்லை. நூலாக இழுத்தது.

எச்சில்.

சீ என்று கைக்குட்டையை எறிந்தாள். மூக்கில் அந்த வாடை ஏறியது. சிராஜ் பாய் ஃபினாயில் ஊற்றியும் போகாத வாடை. நாள்பட பல் விளக்காத வாய், புண் வந்து அழுகிய ஈறு... அந்த வாடை.

யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நினைத்தாள். சிராஜ் பாயைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"தோபா தோபா! பூனையா இருக்கும், ராணிம்மா."

"பூட்டின பெட்டிக்குள்ள ஏது பாய் பூனை?"

 அவர் ஒரு டப்பா டிஷ்யூ பேப்பர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

விட்டுவிட்டு வந்திருக்கலாம்தான். நானும் இதையே கேட்டேன். "என்னான்னு சொல்லி விடறது? எச்சிலுக்குப் பயந்தேன்னா? அதையும் மசக்கைன்னுதானே சொல்வீங்க?" என்றாள்.  அவள் மாஸ்க் போட்டுக்கொண்டு, துடைத்துத் துடைத்து, மாலைக்குள் நானூறு தாள் முடித்தாள். நானூறு மூலையும் ஈரம். ஆகையால் விரல் ஒரு தடவைகூட நாக்குக்குப் போகவில்லை. போக வேண்டிய தேவையே வரவில்லை.

மதியம் 2.35க்கு ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னாள். முதுகுக்குப் பின்னால்.

த்ச்...

நாக்கை உறிஞ்சுகிற மாதிரி.

த்ச்... த்ச்...

திரும்பினால் யாரும் இல்லை.

புதன்கிழமை. நாள் முழுக்க மழை.

பகல் பன்னிரண்டுக்கே அறை இருட்டிவிட்டது. ஈரம் இப்போது சொட்டாக நின்றது. சில தாள்களில் அதில் இளஞ்சிவப்பாக ஏதோ கலந்திருந்தது. ரத்தம் என்று அவள் மனம் சொன்னது. வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

மாலை 5.05. கரண்ட் போனது. எழுநூற்றுத் தொண்ணூற்றாறு தாள் முடிந்திருந்தது. மிச்சம் நாலே நாலு. மெஷின் பேட்டரியில் ஓடும்.

"மஸ்ஜித் போயிட்டு வந்துடறேன், ராணிம்மா. நீ கெளம்பிடு" என்று முன் கூடத்திலிருந்து சிராஜ் பாய் குரல் கொடுத்தார். கதவு சாத்தும் சத்தம்.

நாலு தாள்தானே. முடித்துவிட்டே போகலாம் என்று உட்கார்ந்தாள்.

797. ஈரம்.

798. ஈரம்.

த்ச்... இப்போது சத்தம் பின்னால் இல்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம்.

799. ஈரம். வெதுவெதுப்பாக.

5.22. கடைசித் தாள். 800. அது மட்டும் காய்ந்திருந்தது.

பெட்டி அடியில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. நகத்தால் நெம்பினாள். வரவில்லை.

பழக்க தோஷம். மாஸ்க்கை இறக்கினாள். விரல் தானாக வாய்க்கு எழும்பியது.

பாதி வழியில் நின்றது.

யாரோ மணிக்கட்டைப் பிடித்திருந்தார்கள். எலும்பும் தோலுமான கை. கண்ணுக்குத் தெரியவில்லை... பிடி மட்டும் இருந்தது.

விரலை மெல்ல முன்னால் இழுத்தது.

பிறகு...

ஒரு நாக்கு.

சூடான, சொரசொரப்பான நாக்கு. அடியிலிருந்து நுனிவரை அவள் விரலை நக்கியது.

ஒரு முறை.

பல் எதுவும் படவில்லை. வெறும் ஈறு.

த்ச்.

அவள் போட்ட சத்தம் மஸ்ஜித் வரை கேட்டதாம். சிராஜ் பாய் ஓடி வந்தபோது அவள் நடு ரோட்டில், மழையில், வலது கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பாய் போன் செய்து நான் போய்ச் சேர்ந்தபோது மணி 6.10. டெட்டால் ஊற்றித் தேய்த்துத் தேய்த்து அந்த விரலில் தோல் உரிந்திருந்தது. "போகல அண்ணா, வழவழன்னு இருக்கு, போகவே மாட்டேங்குது" என்று அழுதாள். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வாடையை நானும் முகர்ந்தேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்கிருந்த பயமெல்லாம் ஒன்றுதான். "ஏதோ அசிங்கம் என்மேல பட்டுடுச்சு. இதுவும் கலைஞ்சிடும், பாருங்க." ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேனில் பிள்ளை நன்றாகவே இருந்தது. அப்படியும் பிரசவம் வரை அவள் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கியதில்லை. எண்ணூறாவது தாள் ஸ்கேன் ஆகாமலேயே பெட்டி ஸ்வீடன் போனது.

ஜனவரியில் பெண் குழந்தை. மூன்று கிலோ. அழுத அழுகையில் வார்டே எழுந்துவிட்டது.

ஏப்ரலில் எலினிடமிருந்து ஒரு மெயில் வந்தது. நான்தான் உட்கார்ந்து ஜெயராணிக்குப் படித்துக் காட்டினேன். முதல் வரியே, "தாள்களை வெறும் கையால் தொட்டீர்களா? வாயில் ஏதும் பட்டதா? உடனே டாக்டரைப் பாருங்கள்" என்றுதான் இருந்தது. அங்கே காகிதங்களைச் சோதித்தார்களாம். நம்பர் சீட்டுகளின் பசையில் பாதரச உப்பு. விஷம். பூச்சி வராமலிருக்கத் துரையே கலந்தது. புத்தகம் எழுதும் எண்ணத்தை விட்டுவிட்டதாகவும், மறைக்க மனம் வரவில்லை என்றும் எழுதி, டைரியில் மூன்று இடங்களை மொழிபெயர்த்து அனுப்பியிருந்தாள். எல்லாம் 1934.

முதலாவது, மார்ச் மாதம். "பசை மிகச் சிறப்பு, ஒரு பூச்சி அண்டவில்லை. சீட்டுகளை நக்கி ஒட்டும் வேலையைச் சமையல்காரனின் மனைவிக்குக் கொடுத்திருக்கிறேன். மதராஸ்காரி. நாற்பது சீட்டு ஒட்டியபோதே வாந்தி எடுத்தாள், பழகிவிடும்."

இரண்டாவது, செப்டம்பர். "அவளுக்குப் பற்கள் எல்லாம் விழுந்துவிட்டன. இரவும் பகலும் வாயிலிருந்து எச்சில் வழிகிறது. பார்க்க அருவருப்பாக இருப்பதால் பின்னறையில் தங்கவைத்திருக்கிறேன். ஏழாம் மாதத்தில் குழந்தை செத்துப் பிறந்தது. வேலைக்குப் புதிதாக ஒருத்தியைக் கொண்டுவந்தேன். இவளும் கர்ப்பிணி. ஆனால் இவள் வாய்க்குக் கொண்டுபோகும் முன் கிழவி போல் ஆகிவிட்ட அந்தப் பழையவள் சீட்டுகளைப் பிடுங்கி, எல்லாவற்றையும் தானே நக்கிவிடுகிறாள். அடித்தும் கேட்கவில்லை. சீட்டு ஒட்டினால் சரி, யார் நாக்கு என்பது எனக்கு எதற்கு?"

அதோடு படிப்பதை நிறுத்திவிட்டேன். துரை போட்டோவுக்கு மாலை போட்ட என் கையை நானே பார்த்துக்கொண்டேன். தூ.

ஜெயராணிதான் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். மூன்றாவது, டிசம்பர். இரண்டே வரி.

"பழையவள் நேற்று இறந்தாள். புதியவளுக்கு ஆண் குழந்தை, இருவரும் நலம். நாளை முதல் வேலையை அவளே செய்ய வேண்டும்."

அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டு ஜெயராணி அன்றே பதில் போட்டாள். எண்ணூறு தாளிலும் தேடிப் பார்த்துவிட்டதாக எலின் எழுதினாள். துரையின் நாய்களுக்குப் பெயர் இருக்கிறது. குதிரைக்கு இருக்கிறது. அவளுக்கு இல்லை.

ஜெயராணி மடியில் கிடந்த குழந்தையின் வாயை விரலால் மெல்லத் திறந்து பார்த்தாள். ஈறு ரோஸாக, சுத்தமாக இருந்தது. கூப்பிடப் பெயர் தெரியாததால், "அக்கா... அக்கா..." என்று மட்டும் சொல்லி அழுதாள்.