ஓம் சொல்லப் பழகிய குவாட்டர்பாக்

"நீலம் பதினாறு" என்று கத்தினேன்.

"ஓம் அண்ணை" என்றான் பெடியன்.

முந்தாநாள், செவ்வாய்க்கிழமை மாலை, மில்லிக்கனில் ஒரு பள்ளிக்கூட மைதானம். ஸ்டீல்ஸ் தெருப் பக்கமிருந்து வந்த குளிர்காற்று மைதானத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனது. இது காலால் உதைக்கிற பந்தாட்டம் அல்ல. ஹெல்மெற்றும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு ஆளோடு ஆள் மோதி விளையாடுகிற கனடாப் பந்தாட்டம். குவாட்டர்பாக் என்பவன் ஒவ்வொரு முறையும் பந்தை முதலில் கையில் வாங்குகிறவன். மூன்று நான்கு விநாடிக்குள் அதை யாருக்கு எறிவது என்று முடிவெடுக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் அவனைச் சாய்ப்பதையே வேலையாக வைத்திருக்கிற நாலைந்து பேர் அவனை நோக்கி ஓடி வருவார்கள். எங்கள் கழகத்தில் அந்த இடத்தில் நிற்பவனுக்குப் பதினைந்து வயது. அவனைப் பயிற்றுவது என் பொறுப்பு. அவனது இடது மணிக்கட்டில் ஒரு பிளாஸ்ரிக் அட்டை கட்டியிருக்கும். எங்கள் திட்டங்கள் எல்லாம் நிறமும் இலக்கமுமாகப் பொடி எழுத்தில் அதில் இருக்கும். நான் ஒன்றைக் கூவுவேன். அவன் அட்டையைப் பார்த்து மற்றப் பதினொரு பேருக்கும் சொல்லுவான்.

நீல வரிசை பன்னிரண்டோடு முடிகிறது. பதினாறு என்று ஒன்று இல்லை. என் நாக்கு பிசகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அவன் அட்டையைப் பார்த்தான், இல்லாததைக் கண்டான், தலையை ஆட்டினான், திரும்பிப் போய்ப் பதினொரு பேருக்கும் ஏதோ சொன்னான். பந்து அவன் கைக்கு வந்தபோது இரண்டு பேர் ஒரே மூலைக்கு ஓடி ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டார்கள். இடது பக்கத்தைக் காக்க வேண்டியவன் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான். பயிற்சியில் குவாட்டர்பாக் சிவப்புச் சட்டை போட்டிருப்பான், அவனை யாரும் விழுத்தக் கூடாது. இடது பக்கத்தால் வந்த பெரிய பெடியனும் மோதாமல் தன்னை நிறுத்தத்தான் பார்த்தான். முடியவில்லை. விழுந்தவனின் ஹெல்மெற் பின்பக்கமாகத் தரையில் பட்ட சத்தம் இருபது அடி தள்ளி நின்ற எனக்குக் கேட்டது.

ஓடினேன். அதற்குள் எழும்பிவிட்டான்.

"உனக்கு ஒண்டுமில்லைத்தானே?"

"ஓம் அண்ணை."

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. இரண்டு ஓமும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் வந்தவை. முதலாவது பொய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நீலம் பதினாறு என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. அப்படியானால் இரண்டாவது? அதைச் சோதித்துப் பார்க்க என்னிடம் எந்த அட்டையும் இல்லை. அவன் ஹெல்மெற்றைக் கழற்றி வாங்கிக் கொண்டேன். இன்றைக்குப் போதும் என்றேன். கூட்டிப்போக வந்த தாயிடம், விழுந்தவன், கவனமாகப் பாருங்கோ அன்ரி என்றேன். விட்பியிலுள்ள என் வீடு வரைக்கும் வண்டி ஓட்டிக்கொண்டு போகையில் அந்த இரண்டாவது ஓம்தான் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஓமை நான் அறிவேன். அதை என் வாயிலிருந்து முதலில் பறித்தெடுத்தவர் என் கோச்.

அவர் எங்கள் உயர்தரப் பள்ளியில் மரவேலை கற்பித்தவர். சட்டைப் பையில் எப்போதும் சூரியகாந்தி விதை இருக்கும். கோதுகளைத் துப்பியபடியே மைதான ஓரத்தில் நடப்பார். எனக்குப் பந்தைப் பிடிக்கக்கூடத் தெரியாத காலத்தில், என் கை நீளத்தைப் பார்த்து, நீ எறிகிறவன் என்று சொன்னவர் அவர். பள்ளி முடிந்த பிறகு என்னை மட்டும் மறித்து வைத்துப் பழக்குவார். நான் பந்தோடு பின்னால் அடியெடுத்து வைக்க வைக்க, நனைத்த ரெனிஸ் பந்துகளை என் முழங்காலுக்கும் வயிற்றுக்கும் எறிவார். ஒன்று படும், சுரீர் என்று வலிக்கும். கீழே பார்த்தால் திரும்ப முதலிலிருந்து. "கண் மேலே" என்பார் ஆங்கிலத்தில், வேறு ஒன்றும் சொல்ல மாட்டார். இரண்டு மாதத்தில் எது வந்து பட்டாலும் என் கண் தூரத்தை விட்டு அசையாது என்றாகிவிட்டது. இன்றைக்கும் அதற்கு நான் அவருக்கு நன்றி உள்ளவன். மழை நாட்களில் தன்னுடைய பழைய வான் வண்டியில் ஏற்றி என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார். அந்த மனிதரைக் கெட்டவர் என்று எழுத என்னால் முடியாது.

ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. புதிய திட்டம் ஒன்றைப் பலகையில் கீறி முடித்ததும், விளங்கியதா என்று கேட்பார். யாராவது விளங்கவில்லை என்றால் அவனுக்குத் தண்டனை கிடையாது. மற்ற எல்லாரும் தரையில் படுத்து இருபது தரம் தண்டால் எடுக்க வேண்டும். கேட்டவன் நின்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை நான் கையைத் தூக்கினேன். என் நண்பர்கள் சேற்றில் முகம் பதித்து எழும்பி எழும்பி என்னைப் பார்த்த பார்வை போதும். அதற்குப் பிறகு அவர் கேட்டு வாய் மூட முன்னரே "யெஸ், கோச்" என்பேன்.

எனக்கு அது புதிதாகவும் இல்லை. எங்கள் வீடுகளில் பெரியவர் ஒருவர் பேசினால் இடைக்கிடை ஓம் போட வேண்டும். விளங்குகிறதோ இல்லையோ, நீங்கள் சொல்வதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கான ஓம் அது. மாமா தொலைபேசியில் அரை மணி நேரம் வீட்டுக் கடன் வட்டியைப் பற்றி விளக்குவார், அப்பா முப்பது ஓம் சொல்லிவிட்டு, வைத்த பிறகு, "உவன் என்ன சொன்னவன்?" என்று அம்மாவைக் கேட்பார். எங்களுக்குள் அது யாரையும் ஏமாற்றுவதில்லை. கோச் எங்கள் ஆள் இல்லையே. அவரைப் பொறுத்தவரை ஒருவன் யெஸ் என்றால் அவனுக்கு விளங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் உடனே யெஸ் சொல்கிற ஒரு குவாட்டர்பாக் கிடைத்ததில் அவருக்கு வலு சந்தோசம். என்னைவிடக் கெட்டிக்காரன் இல்லை என்று நம்பினார். வருகிற ஆட்களுக்குப் பயப்படாமல் நிற்க என்னைப் பழக்கிய மனிதர், தனக்குப் பயப்படவும் பழக்கிவிட்டார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

பதினொராம் வகுப்பில், பிறம்ரனில் ஒரு ஆட்டம். நல்ல மழை. இரண்டாவது கால் பகுதியில் என் வலப் பக்கத்தால் ஒருவன் வந்தான். வரப்போகிறான் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது, நானும் யெஸ் சொல்லியிருந்தேன், விளங்கித்தான் இருக்கவில்லை. விழுந்து எழும்பியபோது மைதான விளக்குகள் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தன. கோச் என் ஹெல்மெற்றின் முகக் கம்பியைப் பிடித்துக் கண்ணுக்குள் பார்த்தார். "குட்?" என்று கேட்டார். "குட், கோச்" என்றேன். அதுவரைக்கும் நினைவிருக்கிறது. அடுத்தது, வீட்டுக் குளியலறையில் அம்மா என் தலையைத் துவட்டிக்கொண்டு பேசுவது: "உந்தச் சட்டியைத் தலையிலை கவுத்துக்கொண்டு மாடு மாதிரி முட்டாட்டி உனக்குச் செமிக்காதோ மோனை? ஒண்டும் நோகேல்லைத்தானே?" ஓம் அம்மா என்றேன். நடுவில் இருந்த மூன்று மணி நேரம் என்னிடம் இல்லை. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பயம் உண்மையில் வந்தது பல வருடம் கழித்து. போன வருடம் ஒரு பிளாசாவில் கோப்பிக்கு வரிசையில் நிற்கையில் பின்னாலிருந்து யாரோ தோளைத் தட்டினார்கள். கோச். முடி முழுக்க வெளுத்திருந்தது. ஓய்வு பெற்றுவிட்டாராம். கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவில்லை. அந்த மழை ஆட்டம் நினைவிருக்கிறதா என்றார். கடைசி நிமிடம், நீ இடது பக்கம் ஓடி, உடம்புக்குக் குறுக்கே, முப்பத்தைந்து யார் தூரம் எறிந்தாயே, பந்து அந்த ஈரத்திலும் வழுக்காமல் ஊசி மாதிரிப் போனதே, இத்தனை வருடத்தில் ஒரு பெடியன் அப்படி எறிந்து நான் காணவில்லை என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நான் அந்த எறிதலைக் கண்டதே இல்லை. என் கை எறிந்தது, என் கால் ஓடியது, உள்ளே யாரும் இருக்கவில்லை. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு, நான் இல்லாத நேரத்தில் நான் செய்த ஒன்றுக்கு. கோப்பிக் கடை நடுவில், இருபத்து மூன்று வயதில், உடம்பெல்லாம் குளிர்ந்து போய் நின்றேன். அப்போதும் என்ன சொன்னேன்? "யெஸ், கோச்."

அவரைப் போல நான் இருக்க மாட்டேன் என்ற முடிவோடுதான் இந்தக் கழகத்துக்கு வந்தேன். பல்கலைக்கழகத்தில் உடலியக்கம் படித்தவன். புத்தகம் புத்தகமாக வாசித்தவன். தண்டால் இல்லை, ஏச்சு இல்லை. பெடியன் பந்தைத் தவறவிட்டால் முதுகில் தட்டிக் கொடுப்பேன். என்னை அண்ணை என்று கூப்பிடச் சொன்னேன். நான் கோச் இல்லை, அண்ணன் என்பதில் எனக்கு ஒரு பெருமை.

புதன்கிழமை, நேற்று, எங்கள் பயிற்சி வீடியோக்களை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எறிதல்களைப் பார்க்கத்தான் எடுத்தவை. ஆனால் இந்த முறை பந்தைப் பார்க்காமல் பெடியனை மட்டும் பார்த்தேன். பந்து அவன் கையை விட்டுப் போன மறுகணம் ஹெல்மெற் என் பக்கம் திரும்புகிறது. பந்து யாருக்கும் போய்ச் சேரவில்லை, இன்னும் காற்றில் இருக்கிறது. ஓடி வருகிறவர்கள் இன்னும் ஓடி வருகிறார்கள். அவன் என் முகத்தைப் பார்க்கிறான். ஒவ்வொரு முறையும். பிறகு ஒலியைக் கூட்டினேன். என் குரல்தான் எல்லா இடத்திலும். "அந்தப் பின்பக்கத்து ஆளைக் கண்டனியோ, கண்டிருந்தால் முதல் ஆளுக்குத்தான் எறிஞ்சிருக்க வேணும், விளங்கினதோ, சரி அடுத்தது." கண்டனியோ என்பதற்கும் சரி அடுத்தது என்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடக்கூட இடமில்லை. நான் வேகமான ஆள். எனக்குப் பிடித்த விஷயம் என்றால் இன்னும் வேகம். என் கோச் பதிலைத் தண்டித்தார். நான் பதிலுக்கு நேரமே விடவில்லை. பெடியனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வீடியோவை மூடிவிட்டு அவன் அம்மாவுக்கு அழைத்தேன்.

"அவன் நல்லா இருக்கிறான் தம்பி. சாப்பிட்டவன். நேற்று வந்து அறைக்குள்ளை திரைச்சீலையை இழுத்து மூடிப்போட்டுப் படுத்தவன். இண்டைக்கும் பள்ளிக்கூடத்தாலை வந்து அப்பிடித்தான் படுத்திருக்கிறான்."

"பகலிலையோ அன்ரி? வெளிச்சம் கூசுதாமோ?"

"கேக்கேல்லை. தலையிடி ஒண்டுமில்லைத்தானே எண்டு கேட்டனான். ஓம் எண்டவன்."

மைதானத்தில் நானும் அப்படித்தானே கேட்டேன். பதிலை நாங்களே செய்து, இல்லைத்தானே என்று முடிச்சுப் போட்டுக் கையில் கொடுக்கிறோம். பிள்ளை வாங்கிக்கொள்கிறது.

"அன்ரி, டொக்டரிட்டைக் கட்டாயம் காட்ட வேணும்."

"நாளைக்குப் பின்னேரம் போறம். ஆனால் உங்களை ஒண்டு கேக்கட்டோ? சனிக்கிழமை மட்ச் எண்டு அவன் ஒரே கதை. டொக்டரிட்டைச் சொல்ல வேண்டாம் எண்டு காலமையே என்னோடை பிடிவாதமா நிண்டவன். எதைச் சொல்ல வேண்டாம் எண்டு கேட்டன். ஒண்டுமில்லையாம்."

"நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"நீங்கள்தானே தம்பி சொன்னனீங்கள், இவன் சொல்வழி கேக்கிற பிள்ளை, இவனை நம்பலாம் எண்டு."

சொன்னேன். போன மாதம் அவர்கள் வீட்டு வாசலில் நின்று பெருமையாகச் சொன்னேன்.

மருத்துவர் எழுதித் தராமல் அவன் களத்தில் இறங்க முடியாது என்பது விதி. ஆனால் மருத்துவரும் அவனைத்தான் கேட்பார். தலை சுற்றுகிறதா, வெளிச்சம் கூசுகிறதா, படிக்கும்போது எழுத்து ஆடுகிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்று மரியாதையாகச் சொல்ல அவனுக்குத் தெரியும். அந்தக் கலையில் எங்கள் வீடுகளும் நானும் சேர்ந்து அவனை நன்றாகப் பழக்கியிருக்கிறோம். அவன் உண்மையைச் சொன்னால் சனிக்கிழமை எங்களுக்கு எறிய ஆள் இல்லை. ஒருவேளை இந்தப் பருவமே அவனுக்கு முடிந்துவிடும், என்னை மன்னிக்கவும் மாட்டான். சொல்லாவிட்டால், அடுத்த விழுகையில் என்ன நடக்கும் என்று நான் படித்த புத்தகங்களில் இருக்கிறது. அந்தப் பக்கங்களை நேற்றிலிருந்து என்னால் திறக்க முடியவில்லை.

அதனால் இன்று பின்னேரம் அவர்களை நான் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன். அன்ரி பின்னால் இருப்பார், பெடியன் முன்னால், என் பக்கத்தில். முகத்துக்கு முகம் பார்த்துப் பேசினால் எது சரியான பதில் என்று என் முகத்தில் வாசித்துவிடுவான். வாசிக்கத்தானே நான் கற்றுக் கொடுத்தேன். வண்டிக்குள் இரண்டு பேரும் பார்ப்பது முன் கண்ணாடியைத்தான். வீட்டிலிருந்து புறப்பட்டதும் பிறம்ரன் மழையைச் சொல்லப் போகிறேன். விளக்குகள் இரண்டானதையும், குட் என்றதையும், தொலைந்துபோன மூன்று மணி நேரத்தையும். அன்ரியின் காதில் விழுந்தால் விழட்டும். அதன் பிறகு ஒரே ஒரு கேள்வி: "உனக்கு இப்ப எப்பிடிக் கிடக்கு?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்ட வேண்டும். கிளினிக் வரைக்கும் ஏழு சிக்னல். அத்தனையும் சிவப்பாக விழுந்தாலும், பின்னாலிருந்து அன்ரி பதில் எடுத்துக் கொடுக்கப் பார்த்தாலும், நான் ஒரு சொல்லும் பேசக் கூடாது.