மாமனார் மாடுகளும் மல்லாந்த பூச்சிகளும்

ஜப்பான்காரன் வன்னியம்பட்டிக் குட்டையில் விஷம் கலந்துவிட்டான் என்று ஒரு காலைப்பொழுது முழுக்க நம்பியவன் நான். மெட்ராசையும் கொழும்பையும் விட்டுவிட்டு, முழங்கால் ஆழம்கூட இல்லாத மழைத்தண்ணீரைத் தேடி அவன் விமானம் ஏறி வருவான் என்று நம்பத் தனி மூளை வேண்டும். எனக்கு இருந்தது. வயதும் நாற்பதைத் தாண்டியிருந்தது.

இரண்டாம் உலக யுத்த காலம். மழை பெய்து ஈரம் பிடித்திருந்ததால், கூமாப்பட்டி மாமனாரிடம் உழவுக்கு மாடுகளை இரவல் வாங்கி வந்திருந்தேன். மகளை எனக்குக் கொடுத்தபோது கலங்காத மனிதர், மாடுகளைக் கொடுத்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த மாடுகள் வயலோரக் குட்டையில் வயிறு முட்டக் குடித்து முடித்த பிறகுதான் நான் முகம் கழுவக் குனிந்தேன். தண்ணீருக்குள் கண்ணாடி போன்ற உடம்பும் சிவந்த வாலுமாக, விரல்நகம் நீளத்தில் ஏராளமான பூச்சிகள். அத்தனையும் மல்லாந்து, காலை மேலே தூக்கி நடுங்கிக்கொண்டிருந்தன. செத்த மீன் மல்லாக்க மிதக்கும், இவை மல்லாந்து துடிக்கின்றன, ஆகவே செத்துக்கொண்டிருக்கின்றன. எவ்வளவு தெளிவான அறிவு பாருங்கள்!

“ஏட்டி, மாடு போச்சுடி! ஜப்பான்காரன் விசத்தக் கலந்துட்டான்!” என்று அலறினேன்.

கஞ்சி கொண்டுவந்த என் மனைவி மாடுகளைப் பார்த்தாள். “எங்க போச்சு? வாலாட்டிக்கிட்டுல்லா நிக்கி.”

“விசம் உள்ள ஏறுதுடி. வெளிய தெரியாது.”

“எங்க அய்யா வந்து கேட்டா ஜப்பான்காரனையா சாட்சிக்குக் கூப்பிடுவீக?”

வீட்டிலிருந்த விளக்கெண்ணெய் முழுவதையும் மூங்கில் குழாயால் இரண்டு மாடுகளின் தொண்டையிலும் இறக்கினேன். பிறகு குட்டைத் தண்ணீரை ஒரு சொம்பில் மொண்டு, விஷம் காலில் சிந்திவிடாதபடி ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டு டாக்டரிடம் ஓடினேன்.

அவர் அதைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். “நல்லாத்தானே வே இருக்கு?”

“மல்லாந்து சாகுதே, சார்.”

“சாகல வே, நீந்துது. இது இறாலுக்குப் பங்காளி. பொறந்ததுல இருந்து நீச்சல் மல்லாக்கத்தான்.”

இலை போன்ற கால்களைக் காட்டினார். நீந்துவது, மூச்சு விடுவது, இரையை வடிகட்டி வாய்க்குத் தள்ளுவது எல்லாம் அவற்றால்தானாம். வாலுக்கு முன்னால் தொங்கிய பை, முட்டைப்பை. குட்டை வற்றினால் பெரியவை எல்லாம் செத்துவிடும். முட்டைகள் மட்டும் காய்ந்த மண்ணில், பல கோடைகள் ஆனாலும் மழைக்குக் காத்துக் கிடக்கும். மழை வந்ததும் பொரித்து, தண்ணீர் வற்றுவதற்குள் வளர்ந்து, கூடி, முட்டையிட்டாக வேண்டும். இத்தனை வேலை வைத்திருந்த ஜீவனைத்தான் நான் சாகக் கிடப்பதாக முடிவுகட்டியிருந்தேன்.

“மாட்டுக்கு ஒண்ணும் குடுக்கலியே?” என்று டாக்டர் சிரித்தார்.

“வெளக்கெண்ணெ குடுத்தேன்.”

“எம்புட்டு?”

“இருந்த அம்புட்டும்.”

டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது.

குட்டைத் தண்ணீர் மாடுகளை ஒன்றும் செய்யவில்லை. விளக்கெண்ணெயால் இரண்டும் கழிந்து கழிந்து படுத்துவிட்டன. அவை தேறி எழுந்த அன்று மாமனார் வந்து கூமாப்பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனார். அந்த மழைக்கு என் நிலம் உழப்படவில்லை.