மச்சான் உட்கார்ந்த பின்சீட்டு

மாதிரி விமானத்தின் வடிவத்தை மாற்றிப் போட்டிக்கு அனுப்புகிறவர்கள், மாற்றிய பகுதி தெரியும்படி அசல் விமானத்தின் புகைப்படம் ஒன்றை இணைக்க வேண்டும். சந்தேகம் கேட்டு எழுதினால் பதினைந்து நாளில் பதில் தரப்படும். இரண்டும் சென்னையில் கண்காட்சி நடத்திய சங்கத்தின் விதிகள். முதல் விதி எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. எந்த விதி தளரும் என்பது அரசு அலுவலகத்தில் தலை நரைத்த எனக்குத் தெரியாததல்ல.

நான் செய்ய நினைத்தது, உலகப்போர்க்காலப் பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயரில் இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். அசலிலேயே கொஞ்சம்தான் செய்தார்கள். மருமகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் பெட்டியில் இருந்ததோ ஒற்றை இருக்கை ரகம்.

காரணம் என் மனைவியின் அண்ணன். இளவயதில் விமானப்படையில் மெக்கானிக். ஒருமுறை அந்த விமானத்தின் பின்சீட்டில் பறந்ததாகச் சொல்வார். பிறகு கோயமுத்தூர் கணபதியில் பவுண்டரி வைத்து மோட்டார் கூடுகள் வார்த்தார். சக பவுண்டரிக்காரர்கள் யாரும் அவரை நம்பவில்லை.

"ஏனுங்க, பின்சீட்டுக்கு டிக்கெட்டு கண்டக்டர் குடுப்பாருங்களா, டிரைவரே குடுத்துருவாருங்களா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். மச்சானும் சிரிப்பார். சிரித்துவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

அவரிடம் ஒரு புகைப்படம் இருந்தது. விமானத்தின் மூக்கும் வாலும் முன்சீட்டும் தெரிந்தன. பின்சீட்டு இருக்க வேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டு, மார்பை நிமிர்த்தி மச்சான் நின்றார். அவர் தலைக்கு மேல் பூஞ்சை பிடித்த மாதிரி ஒரு வெள்ளை வளைவு. படத்தில் பின்சீட்டு தெரியவில்லை, என்ன செய்வது என்று சங்கத்துக்கு எழுதினேன். பதினைந்து நாள் போயும் பதில் இல்லை.

அதற்கு மேல் காத்திராமல் அறுத்துவிட்டேன். விமானத்தின் முதுகை ரம்பத்தால் திறந்து, முன்சீட்டை மூக்குப் பக்கம் நகர்த்தி, பின்சீட்டை மச்சான் சொன்ன உயரத்துக்கு மேடாக்கி, இடைவெளிகளைக் கார் பட்டறையில் நசுங்கல்களுக்குப் பூசும் பட்டியால் அடைத்தேன். பின்சீட்டுக்குக் கண்ணாடிக் கூண்டு வேண்டும். அதற்கான மர அச்சை மச்சானே பவுண்டரியில் செய்தார். பனியன் பெட்டியின் பிளாஸ்டிக் மூடியை அடுப்பில் வாட்டி அச்சின் மேல் இழுத்தோம். வந்த கூண்டு விமானத்தின் மேல் கவிழ்த்த அண்டா போல நின்றது.

"நான் குடுத்த அளவுதானுங்களா மச்சான்?"

"அதேதானுங்க மாப்பிள்ளை. சுருக்கத்துக்குக் கொஞ்சம், கடைசல்ல சீவிப் போறதுக்குக் கொஞ்சம் கூட்டிப்போட்டேன். வார்ப்பு ஆறினா சுருங்குமில்லீங்களா?"

"இது வார்ப்பில்லீங்க. பனியன் பெட்டி."

அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கைப்பழக்கமுங்க," என்று உப்புத்தாள் எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தார். தேய்த்த அச்சில் இழுத்த கூண்டு சரியாக உட்கார்ந்தது.

பெயின்ட் காய்ந்ததும் பழைய படத்தைச் சுவரில் சாய்த்து, அதே கோணத்தில் மாதிரியை முன்னால் வைத்தோம். மச்சான் நின்ற இடத்தில் ஒரு தீக்குச்சியை நட்டேன். தீக்குச்சியின் தலைக்கு மேல் கூண்டின் உச்சி மட்டும் வளைவாகத் தெரிந்தது. படத்தில் அந்தப் பூஞ்சை இருந்த அதே இடம், அதே வளைவு.

மச்சான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கூண்டுக் கண்ணாடிங்க அது," என்றார். "பூஞ்சையில்லீங்க."

பழைய படத்தின் பிரதியையும், தீக்குச்சியோடு எடுத்த படத்தையும் இணைத்து, முதல் கடிதத்தை நினைவூட்டி மறுபடி எழுதினேன். மச்சான் தினமும் தபால் நேரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, தபாலுக்காக வரவில்லை என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார்.

ஏற்றுக்கொள்கிறோம், பெயர்ப்பலகையில் 'இரட்டை இருக்கை' என்றே எழுதலாம், பின்சீட்டில் பறந்தவரையும் அழைத்து வாருங்கள் என்று பதில் வந்தது. கடிதத்தை மச்சான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே டீக்கடைக்கு நடந்தார். அன்றைக்கு 1994, ஆடிப் பதினெட்டு.