கணவர் பெயர்: தெரியாது

என் தம்பி பெண்டாட்டியை நாட்டை விட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்ததற்கு முக்கால்வாசிக் காரணம் நான்தான். இதை இத்தனை காலம் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அவளும் கண்ணை மூடிவிட்டாள், உத்தரவு போட்டவர்களும் எங்கே இருக்கிறார்களோ. கேட்டுவிட்டு முகத்தைச் சுளிக்க ஆளில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை பார்த்த என் தம்பி, ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் காடும் மலையுமாக நடந்து ஊர் வந்து சேர்ந்தான். எங்கள் ஊர் பூலாம்பாடி. கூடவே ஒரு பர்மாக்காரப் பெண்ணும் வந்தாள். அங்கே கோயிலில் வைத்துத் தாலி கட்டியதாகச் சொன்னான். தாலி இருந்தது. அதைத் தவிர அவளிடம் இருந்தது கட்டியிருந்த துணி மட்டும்தான்.

நான் அவனுக்கு அக்கா. அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். சேதி கேட்டு ஓடிப்போய் நிற்கிறேன், கொல்லைப்புறத்திலிருந்து அவள் என் தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அதுவும் முன்னால் ஒரு 'கோ' சேர்த்து, தெருவுக்கே கேட்கிற குரலில். அவர்கள் ஊரில் அது மரியாதையாம். எனக்கு அது என்ன தெரியும்? பற்றிக்கொண்டு வந்தது.

"இந்தா பொண்ணு, புருஷன் பேரை வாயால சொல்லுவாங்களா? அவனுக்கு ஆயுசு கொறைஞ்சிடும்" என்றேன்.

அவளுக்கு அப்போது தமிழ் அரைகுறை. தம்பிதான் சிரித்துக்கொண்டே விளக்கிச் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் பேர் சொல்லி நான் கேட்டதில்லை. நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன், ஒரே வார்த்தையில் திருத்திவிட்டேன் என்று.

இரண்டு வருஷம் கழித்துத் தம்பி விஷக்காய்ச்சலில் போய்விட்டான். கைக்குழந்தையோடு அவள் எங்கள் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். கடலை பிடுங்கினாள், வரகு குத்தினாள், யாரையும் எதிர்த்து ஒரு பேச்சு பேசமாட்டாள். விளாமரத்துப் பட்டையைக் கல்லில் இழைத்துக் கன்னத்தில் வட்டமாகப் பூசிக்கொள்வாள், வெயிலுக்குக் குளிர்ச்சி என்று. முதலில் அவளைப் பார்த்துச் சிரித்த பெண்கள் எல்லாம் பிறகு தங்கள் பிள்ளைகளுக்குப் பூசிவிடச் சொல்லி வந்து நின்றார்கள்.

சுதந்திரம் வந்தது. பர்மாவும் தனி நாடாகிவிட்டது. அந்நிய நாட்டார் எல்லாரும் போலீஸ் ஸ்டேஷனில் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு நாள் தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனார். நானே அவளைக் கூட்டிப் போனேன். ரைட்டர் மேஜைக்கு முன்னால் அவளை நிறுத்திவிட்டு என்னை வாசலிலேயே இருக்கச் சொன்னார்கள். ஊர், வயசு எல்லாம் கேட்டார். கடைசியில் புருஷன் பேர் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி கேட்டார். தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள்.

வாசலிலிருந்து நான் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். தம்பி பேரைச் சொல்ல எனக்கென்ன தடை? ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்டது பெருமை. பார், எங்கிருந்தோ வந்தவள், நம் வீட்டுப் பெண்ணாகவே ஆகிவிட்டாள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். ரைட்டர் வெளியூர்க்காரரா, அன்றைக்கு அவருக்கு வேலை மும்முரமா, தெரியாது. ஏதோ எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

என்ன எழுதினார் என்பது சில மாதம் கழித்து உத்தரவு வந்தபோதுதான் தெரிந்தது. பள்ளிக்கூட வாத்தியார் இங்கிலீஷைப் படித்து எங்களுக்குச் சொன்னார். இந்தியன் ஒருவனின் மனைவி என்று சொல்லிக்கொள்கிறாளாம், ஆனால் கணவர் பெயர் தெரியாதாம். ஆகவே முப்பது நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டுமாம். குழந்தை இங்கே பிறந்தது என்பதால் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. தாயைக் கப்பலேற்றிவிட்டுப் பிள்ளையை எங்களிடம் விட்டுவிடுவார்கள் என்று வாத்தியார் சொன்னார். அவள் ஐந்து வயசுப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டவள் அன்று பொழுது சாயும்வரை இறக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒரு நில வழக்கில் அரியலூர் வக்கீல் ஒருவர் பழக்கம். அவரிடம் போகச் சொன்னார். விதைப்பு நேரம், வீட்டுக்காரரால் அசைய முடியாது. பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு நானும் அவளும் கிளம்பினோம்.

அப்போதெல்லாம் கரி பஸ். பின்னால் அடுப்பு மாதிரி ஒன்று இருக்கும், கண்டக்டர் அதைச் சுற்றிச் சுற்றி ஊதுவார், பஸ்ஸுக்கு மனசு வந்தால் புறப்படும். பெரம்பலூரில் இறங்கி அடுத்த பஸ். அரியலூர் போய்ச் சேரும்போது இரண்டு பேர் முகத்திலும் கரி. அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள், நான் அவளைப் பார்த்துச் சிரிப்பேன். இருக்கிற நிலைமையில் என்ன சிரிப்பு என்று எனக்கே கோபம் வரும், ஆனாலும் சிரிப்பேன்.

வக்கீல் ஒல்லி மனிதர். மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே உத்தரவை இரண்டு தடவை படித்தார். பிறகு அவளைப் பார்த்து, "உங்க வூட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்றார்.

அவள் தலையைக் குனிந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க சொல்லாதீங்க. அந்தம்மாவைத்தான் கேக்கறேன்."

வக்கீல் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் மோர்ச் செம்போடு வந்து நின்றார். "இவங்களுக்கு என் பேரு என்னன்னு சொல்லு" என்றார். அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்கு வேற வேலை இல்லை" என்று செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வக்கீல் விழுந்து விழுந்து சிரித்தார். "இதுதாம்மா கேஸு. தெரியாதுன்னு இந்தப் பொண்ணு சொல்லவே இல்லை. சொல்ல மாட்டேன்னு தலையாட்டியிருக்கு. ரைட்டர் தெரியாதுன்னு எழுதிட்டார்" என்றார். பிறகு கொஞ்சம் குரல் தாழ்த்தி அவளிடம் கேட்டார். "ஏம்மா, நாட்டை விட்டே அனுப்புறாங்க. அப்பக்கூட சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் மெல்லச் சொன்னாள். "முன்னாடி தெரியாம சொல்லிட்டேன் சார். அதனாலதான் போயிட்டாங்க."

ஆயுசு குறையும் என்று ஏதோ வாயில் வந்ததை அன்றைக்குச் சொன்னேன். எல்லாரும் சொல்கிற பேச்சு அது. நான் மறந்தே போயிருந்தேன். அவளோ தன் வாயால்தான் என் தம்பி செத்தான் என்று அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் வரகு குத்தியிருக்கிறாள். "அப்படி இல்லைடி" என்று சொல்ல வாய் வரவில்லை. அழுதேன். வக்கீல் எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் கலெக்டருக்கு மனு எழுதினார். முப்பது நாள் கெடுவை நிறுத்திவைத்தார்கள். விசாரணையை அரியலூரிலேயே டிவிஷன் ஆபீசர் நடத்தி எழுதி அனுப்ப வேண்டும் என்றானது. கையெழுத்துக்கு, சாட்சிக்கு, வாய்தாவுக்கு என்று ஐந்தாறு தடவை போய் வந்தோம்.

சொன்னால் பாவம், அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆசையாக இருக்கிறது. கல்யாணமான நாள் முதல் கையைச் சும்மா வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்ததே இல்லை. வக்கீல் கோர்ட்டிலிருந்து வரும்வரை எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. ரயில் ஸ்டேஷனுக்குப் போய் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிப்போம். அவளுக்கு ரயில் பார்க்கப் பிடிக்கும். திருச்சிப் பக்கம் போகிற வண்டி, மெட்ராஸ் போகிற வண்டி என்று நான் ஏதோ தெரிந்தவள் மாதிரி சொல்வேன், பாதி தப்பாக இருக்கும். ஒரு நாள் துணிந்து காபி கிளப்புக்குள் நுழைந்துவிட்டோம். இரண்டு பொம்பளைகள் தனியாக வந்ததைப் பார்த்து சர்வருக்கு எங்கே உட்காரவைப்பதென்று தெரியவில்லை. அந்தக் காபியின் ருசி எனக்கு அப்புறம் எங்கேயும் கிடைக்கவில்லை. அவள் ஆற்றில் படகு விடும் திருவிழாவைப் பற்றிச் சொல்வாள். நான் என் மாமியாரைப் பற்றிச் சொல்வேன். யோசித்துப் பார்த்தால் நான்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.

விசாரணை நாள் வந்தது. ஆபீசர் சின்ன வயசுக்காரர், வடக்கத்தியார். தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசினார். வக்கீல் வழக்கத்தை விளக்கினார். படித்த மனிதருக்கு அது நம்பும்படியாக இல்லை போலிருக்கிறது. "நாட்டை விட்டுப் போறது பெரிசா, ஒரு பேர் சொல்றது பெரிசா?" என்று கேட்டார். வக்கீல் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்.

நான் தயாராகத்தான் போயிருந்தேன். தம்பி பேர், கல்யாணச் சேதி, அவன் வந்த நாள், செத்த நாள் எல்லாம் மனப்பாடம். ஆபீசரையே நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்கிற வேகத்தில் போய் நின்றேன். சத்தியம் வாங்கிய குமாஸ்தா என் பேர் கேட்டார். சொன்னேன். ஊர் கேட்டார். சொன்னேன். நிமிராமலே, "கணவர் பெயர்?" என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவேயில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. சொல்லிவிடு, அவளுக்காகச் சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொள்கிறது. விதைப்பு முடிந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வயலில் நிற்கிற அந்த மனிதரின் முகம்தான் கண்முன் வருகிறது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எத்தனை பேருக்கு உபதேசம் செய்தவள், நாக்கு ஒட்டிக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

"உங்களுக்கும் தெரியாதா?" என்றார் ஆபீசர்.

தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். ஆபீஸில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். வக்கீல் மட்டும் சிரிக்காமல் மூக்குப்பொடி டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். ஆபீசர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இந்த அம்மாளையும் கப்பலேற்ற வேண்டியதுதானா என்று கேட்டாராம். அப்போது எனக்குப் பின்னாலிருந்து அவள் தெளிவாக என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லி, "அண்ணன்" என்று முடித்தாள். குமாஸ்தா எழுதிக்கொண்டார். உடனே எனக்கும் நாக்கு வந்துவிட்டது. அவள் புருஷன் பேரை, என் தம்பி பேரை, வாசலில் நின்ற சேவகனுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

உத்தரவை ரத்து செய்யும்படி எழுதுவதாக ஆபீசர் சொல்லிவிட்டார். நான் கும்பிட்டேன். ஃபைலை மூடப் போனவர் என்ன நினைத்தாரோ, அவளைப் பார்த்து, "உங்க ஊர்ல யாரும் இல்லையா?" என்று கேட்டார். கேஸுக்காகக் கேட்டதாகத் தெரியவில்லை. வெளியூரில் வந்து வேலை பார்க்கிறவர், சும்மா கேட்டார்.

"அம்மா இருக்காங்க சார்" என்றாள் அவள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு வருஷம் ஒரே ஊரில் புழங்கியிருக்கிறோம். ஐந்தாறு தடவை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறோம். உனக்கு அம்மா இருக்கிறாளா என்று நான் ஒரு நாள் கேட்டதில்லை.

"போய்ப் பார்க்க ஆசை இல்லையா?"

"ஆசைதான் சார். போனா திரும்பி வர வுட மாட்டாங்கல்ல? புள்ளை இங்க இருக்கு."

ஆபீசர் தலையைக் குனிந்து ஃபைலை மூடினார். நான் வாங்கிக் கொடுத்ததாக நினைத்துக் கும்பிட்டேனே, அந்த ரத்து உத்தரவுக்கு அவள் என்ன கொடுத்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து, வெட்கத்தை விட்டு, "உங்கம்மா எப்படி இருப்பாங்க?" என்று கேட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். பெரம்பலூர் வந்து எல்லாரும் இறங்கி, கண்டக்டர் வந்து எங்களை எழுப்பாத குறையாகக் கூப்பிடும்வரை பேசிக்கொண்டே இருந்தாள்.